பட்டர்ன் பார்த்துத் தைத்த முதல் சட்டை ஏன் தோளில் நிற்கவில்லை?

தலவாக்கலை வாசகி:

வணக்கம். வீட்டில் தைத்துப் பழகியவர்களிடம் ஒரு விடயத்தைக் கேட்டுத் தெளிவு பெறலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். தலையணை உறை, திரைச்சீலை, மகளுக்கு லாஸ்டிக் வைத்த பாவாடை என்று நேர்த்தையல் மட்டும் தைத்துவந்தவள் நான். இந்தத் தீபாவளிக்கு எனக்கென்று ஒரு மேற்சட்டை தைக்க வேண்டும் என்ற ஆசையில், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் தந்த பட்டர்ன் உறையைப் பிரித்தேன். உள்ளே மெல்லிய டிசுத் தாளில் பல அளவுகளின் கோடுகள் அருகருகே அச்சிடப்பட்டிருந்தன. உறையின் பின்புற அட்டவணையில் மார்பளவு 38 அங்குலத்துக்கு நேரே 16 என்று இருந்தது. என் மார்பளவும் 38 என்பதால் 16 ஆம் இலக்கக் கோட்டிலேயே வெட்டினேன்.

தைத்து முடித்து உடுத்திப் பார்த்தபோது மார்பில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தோள்தையல் ஓர் அங்குலம் இறங்கிக் கையின்மேல் கிடக்கிறது. குனிந்தால் கழுத்து விரிந்து உள்ளே தெரிகிறது. இடுப்பில் ஒடுங்க வேண்டிய இடம் இடுப்பெலும்புக்குக் கீழே போய் நிற்கிறது. ஹட்டனில் நான்கு கடை ஏறி இறங்கி வாங்கிய, சின்ன நீலப் பூப்போட்ட இரண்டரை மீற்றர் பொப்ளின் துணி அது. அளவுச் சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் தையற்காரர் இரண்டு நாளில் தைத்துத் தந்திருப்பார், இந்தத் தாள் வேலை எதற்கு என்று அம்மா கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனாலும் இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. பட்டர்னில் பிழையா, நான் அளவு தெரிந்தெடுத்த முறையில் பிழையா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

ஹட்டன் தையற்காரர்:

தங்கச்சி, முப்பது வருடத்துக்கு மேலாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன் மூன்று அளவுகள் எனக்கு வேண்டும். முதலாவது, டேப்பை அக்குளுக்கு அடியில் கொடுத்து, மார்புக்கு மேலாக, முதுகில் சற்று உயர்த்திப் பிடித்து எடுக்கும் மேல்மார்பளவு. இரண்டாவது, பின்கழுத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து இடுப்புவரை முதுகின் நீளம். இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு அளந்தால் பிசகாது. மூன்றாவது, உங்கள் உயரம். உங்களை நீங்களே அளக்க வேண்டாம். கையைத் தூக்கியவுடன் அளவு மாறிவிடும். வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள்.

தலவாக்கலை வாசகி:

அண்ணா, மகளைக் கொண்டு அளந்தேன். மேல்மார்பு 34, முதுகு நீளம் 15, உயரம் ஐந்தடி.

ஹட்டன் தையற்காரர்:

நான் நினைத்ததுதான். உங்கள் எலும்பமைப்பு சிறியது. மார்பு மட்டும் நிறைவானது. மேல்மார்புக்கும் மார்புக்கும் உங்களிடம் 4 அங்குல வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்க உறைப் பட்டர்ன்களைப் பெரும்பாலும் அந்த வித்தியாசம் 2 அங்குலம் உள்ள உடம்பை வைத்தே வரைகிறார்கள். அந்த அட்டவணைகளில் 12 என்றால் மார்பு 34, 14 என்றால் 36, 16 என்றால் 38. மார்பை மட்டும் பார்த்து 16 ஐ எடுத்தபோது, தோளும் கழுத்தும் அக்குள் வளைவும் உங்களைவிடப் பெரிய ஒருத்திக்கு வரைந்தவையாகிவிட்டன. உங்கள் மேல்மார்போடு 2 ஐக் கூட்டினால் 36 வருகிறது. ஆகவே நீங்கள் வெட்ட வேண்டியது 14. தோள் அப்போதுதான் தோளில் நிற்கும். மார்புக்குக் குறைகிற 2 அங்குலத்தை முன்பக்கத் துண்டில் மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதைச் சேர்க்கும் விதத்தைச் சொல்கிறேன், மெதுவாகப் படியுங்கள். முன்பக்கத் தாள் பாதி உடம்புக்குரியது, ஆகவே அதில் சேர்க்க வேண்டியது 1 அங்குலம். தாளை உடம்பின்மேல் வைத்துப் பிடித்து மார்பின் முனை வருமிடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். கீழ்விளிம்பிலிருந்து அந்தப் புள்ளிவரை நேராக வெட்டி, அங்கிருந்து கைவளைவை நோக்கித் திரும்பி, வளைவில் தையற்கோட்டைத் தொடும்போது ஒரு நூலிழை அளவு தாளை வெட்டாமல் விடுங்கள். பிறகு பக்க டாட்டின், அதாவது பக்கத்திலிருந்து மார்பை நோக்கிக் கூராகப் பிடித்துத் தைக்கும் மடிப்பின், நடுக்கோட்டிலும் புள்ளிவரை வெட்டுங்கள். இப்போது தாள் கதவுபோல் திறக்கும். புள்ளியில் 1 அங்குலம் விலகும்படி திறந்து, அடியில் வேறு தாள் வைத்து ஒட்டுங்கள். டாட் தானாக ஆழமாகும். பக்கப் பகுதி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். நடுப்பகுதியையும் அதே அளவு இறக்கிக் கீழ்விளிம்பைச் சமப்படுத்துங்கள். கைவளைவின் நீளம் மாறாது என்பதால் கையைத் தொட வேண்டியதில்லை.

நீளத்துக்கு வருவோம். அந்தப் பட்டர்ன்கள் ஐந்தடி ஐந்து, ஐந்தடி ஆறு அங்குல உயரமுள்ளவருக்கு வரையப்பட்டவை. 14 ஆம் இலக்கத்தின் முதுகு நீளம் பதினாறரை அங்குலம், உங்களுடையது 15. அந்த ஒன்றரை அங்குலத்தைக் கீழ்மடிப்பில் குறைத்தால் இடுப்பு பழையபடி கீழேதான் நிற்கும். நீளம் கூட்டவும் குறைக்கவும் தாளிலேயே இரட்டைக்கோடு அச்சிட்டிருப்பார்கள். அங்கே 1 அங்குலம் மடித்து ஒட்டுங்கள். மீதி அரை அங்குலத்தைத் தோளுக்கும் அக்குளுக்கும் நடுவே, கைவளைவின் குறுக்காக மடியுங்கள். உயரம் குறைந்தவர்களுக்கு அக்குளும் ஆழமாகத்தான் விழும். கைவளைவை அப்படிக் குறைத்தால் கையின் மேல்வளைவிலும் அதே அரை அங்குலத்தை மடிக்க மறக்கக்கூடாது. முன், பின் இரண்டிலும் இதைச் செய்ய வேண்டும்.

என்னுடைய வழக்கத்தைக் கேட்டால், நான் தாள் வைத்து வெட்டுவதில்லை. சோக்குக்கட்டியை எடுத்துத் துணியிலேயே கோடு போட்டுவிடுவேன். ஆனால் அது கைப்பழக்கம் ஏறிய பிறகு வருவது. தாளில் திருத்தி வெட்டுகிற உங்கள் வழியில் துணி வீணாகும் பயம் குறைவு.

பதுளை, ஓய்வுபெற்ற மனைப் பொருளியல் ஆசிரியை:

மாஸ்டர் சொன்ன திருத்தங்கள் அத்தனையும் சரி. அவர் தொடாத ஒன்றை நான் சேர்க்க விரும்புகிறேன். உடம்பின் அளவு வேறு, தைத்து முடிந்த சட்டையின் அளவு வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள தளர்வைப் பட்டர்ன் வரைந்தவர் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். முன்பக்கத் தாளில் மார்பின் அருகே வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி இருந்தால் அங்கே பாருங்கள். தைத்து முடிந்தபின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் சட்டையின் சுற்றளவு எவ்வளவு என்று பெரும்பாலும் அங்கே அச்சிட்டிருப்பார்கள். பட்டரிக், மக்கால் போன்ற அமெரிக்கப் பட்டர்ன் நிறுவனங்களின் அட்டவணைப்படி, மேற்சட்டையின் மார்பில் 3 முதல் 4 அங்குலம் தளர்வு இருந்தால் அது உடம்போடு பொருந்தும் வகை. 4 அங்குலத்துக்குச் சற்று மேலிருந்து 5 வரை அரைப் பொருத்தம். 5 க்கு மேல் 8 வரை தளர்வான வகை. உறையின் பின்புற விவரத்தில் இந்த வகையை ஒரு சொல்லாக எழுதியிருப்பார்கள், நாம்தான் படிக்காமல் விடுகிறோம்.

நம்முடைய பெண்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு என்பது என் அனுபவம். நம் கண் சாரிக்குப் போடும் பிளவுசில் பழகிய கண். அந்தப் பிளவுசில் தளர்வு என்று சொல்லும்படி ஏதும் கிடையாது. நான்கு டாட் பிடித்து, உடம்போடு ஒட்டி நிற்பதையே நன்றாகத் தைத்தது என்கிறோம். அந்தக் கண்ணோடு பட்டர்ன் சட்டையைப் பார்த்தால் எல்லாமே தொளதொளப்பாகத் தெரியும். உடனே ஓர் இலக்கம் குறைத்து வெட்டுவோம்; கையைத் தூக்கி மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கும்போது முதுகில் தையல் விட்டுப்போகும். மாணவிகளுக்கு நான் சொல்லிவந்த வழி எளிமையானது. உங்களுக்கு மிகவும் வசதியான, அடிக்கடி உடுத்துகிற ஒரு சல்வார் டொப்பை எடுத்து மேசையில் பரப்பி, அக்குளுக்கு அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அந்த எண்ணைத் தாளில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இந்தக் குளிரில் உள்ளே ஒரு பனியனும் மேலே ஒரு ஸ்வெட்டரும் போடுகிறவர்கள் கையின் சுற்றளவையும் இப்படியே ஒப்பிட வேண்டும். உங்கள் அம்மா சொல்கிற அளவுச் சட்டை முறையும் அடிப்படையில் இதுதான், மகளே. அதைத் தாளோடு சேர்த்துப் பயன்படுத்துவதில் ஒரு தவறும் இல்லை.

அளவு வாரியாகத் தாள் பட்டர்ன் விற்பது 1863 இல் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் தொடங்கிய தொழில். சிங்கர் மெஷின் 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. மெஷின் மலைநாட்டில் எத்தனையோ வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது, தாள் வரவில்லை. ஆகவே நமக்குத் தைக்கத் தெரியும், வெட்டத் தெரியாது. வெட்டுவதற்கு எப்போதும் இன்னொருவரிடம் போய் நிற்கிறோம். அந்தக் குறையைத் தீர்ப்பதற்குத்தான் இந்தத் தாள்களை நான் இத்தனை வருடம் வகுப்பில் வைத்துக் கற்பித்தேன்.

ஹட்டன் தையற்காரர்:

டீச்சர் சொன்னதை மறுக்கவில்லை. ஒத்திகைத் துணியில் தைத்துப் பார்ப்பது பற்றி அவருடைய கருத்தை அறிய விரும்புகிறேன். எளிய மேற்சட்டைக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். பிரிக்கச் சுலபமான நீளத்தையலால் நூலோட்டம் போட்டு ஒருமுறை உடுத்திப் பார்த்தால் போதும்.

பதுளை, ஓய்வுபெற்ற மனைப் பொருளியல் ஆசிரியை:

வெட்டிய துணியில் நூலோட்டம் போட்டுப் பார்த்தால் பெரியதைச் சிறியதாக்கலாம். குறைந்துபோன தோளை எங்கிருந்து கொண்டுவருவது? உங்கள் கைக்குத் தேவைப்படாது, மாஸ்டர். தொடங்குகிறவர்களுக்குத் தேவை. பழைய படுக்கை விரிப்பு ஒன்று போதும். வேட்டித் துணியில் செய்ய வேண்டாம், துவைத்துத் துவைத்து நைந்து இழுபடும். பொப்ளின் விழுகிற விதத்தில் அது விழாது. கழுத்துக்கு உட்பட்டி, கீழ்மடிப்பு எதுவும் வேண்டாம். தோள், பக்கம், ஒரு கை, இவ்வளவுதான். தையலை 4 மில்லிமீற்றர் நீளத்தில் வைத்தால் பிரிப்பது சுலபம்.

பொகவந்தலாவையிலிருந்து:

நான் பத்தொன்பது வயதில் கட்டுநாயக்க வர்த்தக வலயத்துக்குப் போய், எட்டு வருடம் ஒரு கார்மன்டில் இருந்துவிட்டு, திருமணத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பியவள். எட்டு வருடமும் ஆண்களின் சேர்ட்டுக்குக் கொலர் தைத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை நூறு கொலர் என் கையால் போயிருக்கும் என்று கணக்கே இல்லை. ஆனால் ஒரு முழு சேர்ட்டைத் தைக்க எனக்குத் தெரியாது. ஊரில் எல்லோரும் நீ கார்மன்டில் இருந்தவள்தானே, ஒரு சட்டை தைத்துக் கொடு என்று கேட்கும்போது சொல்ல முடியாத ஒரு கூச்சம் இருந்தது. ஒரு பட்டர்னை முன்னால் வைத்துக்கொண்டு முதல் முழுச் சட்டையைத் தைத்து முடித்த இரவில் நான் அழுதுவிட்டேன் என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். கொலர் எங்கே போய்ச் சேருகிறது என்பதை அன்றுதான் என் கையாலேயே செய்து பார்த்தேன்.

என்னைப்போல் தொழிற்சாலையிலிருந்து வந்த அக்கா, தங்கைமாருக்கு ஓர் எச்சரிக்கை. நாங்கள் தைத்த லைனில் தையலுக்கு 1 சென்ரிமீற்றர் விட்டுத்தான் பழக்கம். கண் அந்த அகலத்திலேயே நின்றுவிடும். அமெரிக்க உறைப் பட்டர்ன்களில் ஒன்றரை சென்ரிமீற்றர், அதாவது அங்குலத்தின் எட்டில் ஐந்து பங்கு, தாளுக்குள்ளேயே சேர்த்து வரையப்பட்டிருக்கிறது. அதை 1 சென்ரிமீற்றரில் தைத்தால் ஒவ்வொரு பக்கத் தையலிலும் ஒரு சென்ரிமீற்றர் மிஞ்சி, சட்டை மொத்தத்தில் இரண்டு சென்ரிமீற்றர் பெரிதாகும். பட்டர்ன் தாளோடு வரும் பழைய புர்தா சஞ்சிகைகளில் இதற்கு நேர்மாறு. அவற்றின் தாளில் தையலுக்கான இடமே கிடையாது. நாம்தான் சேர்த்து வெட்ட வேண்டும். நான் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒன்றை வைத்து அது தெரியாமல் வெட்டினேன். ஒவ்வொரு பக்கத் தையலும் 3 சென்ரிமீற்றரைத் தின்றது, இரண்டு பக்கமும் சேர்த்து 6. அந்தச் சட்டை என் அண்ணன் மகளுக்குப் போனது. எந்தப் பட்டர்னாக இருந்தாலும் இதைப் பற்றி விளக்கத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கத்தரியை எடுக்காதீர்கள்.

கைவளைவில் உள்ள சிறு முக்கோணக் குறிகளையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒற்றைக் குறி முன்பக்கம், இரட்டைக் குறி பின்பக்கம். என் முதல் சட்டையில் இடக்கையையும் வலக்கையையும் மாற்றிப் பொருத்தி, ஏன் இழுக்கிறது என்று தெரியாமல் இரண்டு முறை பிரித்தேன்.

கண்டி மாணவி:

இணையத்தில் வாங்கி அச்சிடும் பட்டர்ன் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். கொமியூனிகேஷன் கடை ஒன்றில் ஏ4 தாளில் அச்சிட்டு, முப்பது தாளையும் வரிசையாக ஒட்டி, பாவாடையை வெட்டித் தைத்துவிட்டேன். இடுப்பில் ஏறவே இல்லை. பிறகுதான் முதல் தாளில் இருந்த சோதனைச் சதுரத்தை அளந்தேன். 10 சென்ரிமீற்றர் இருக்க வேண்டிய பக்கம் 9.6 ஆக இருந்தது. தாளுக்குள் அடங்கட்டும் என்று கணினி தானாகச் சுருக்கியிருக்கிறது. நூற்றுக்கு நான்கு என்றால் பார்ப்பதற்குச் சிறிது. 100 சென்ரிமீற்றர் இடுப்புச் சுற்றில் அது 4 சென்ரிமீற்றர். இப்போதெல்லாம் முதலில் அந்த ஒரு தாளை மட்டும் நூறு வீத அளவில் அச்சிடச் சொல்லி, அடிமட்டத்தைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து பார்த்தபின்தான் மீதியை அச்சிடக் கொடுக்கிறேன்.

நுவரெலியா:

இரண்டு விடயங்கள் மட்டும். பருத்தித் துணியையும் விஸ்கோஸையும் வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவைக்க வேண்டும். விஸ்கோஸ் கூடுதலாகச் சுருங்கும். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் மூன்று நாளானாலும் துணி காயாது. அரைகுறையாகக் காய்ந்த துணியை அயன் பண்ணி வெட்டினால் மறுபடியும் அது தன் போக்கில் சுருங்கும். பொறுத்திருந்துதான் ஆக வேண்டும்.

இரண்டாவது, மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். போத்தலில் அது வெள்ளையாக உறைந்து நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். மெஷினுக்குள்ளும் அப்படித்தான் உறையும், பிறகு பிசினாகும். மெஷின் எண்ணெய் என்றே கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஹட்டன் தையற்காரர்:

தேங்காய் எண்ணெயால் இறுகிப்போன மெஷினை மாதத்துக்கு ஒன்றாவது என் கடைக்குக் கொண்டுவருகிறார்கள். ஊசியையும் கவனியுங்கள். பொப்ளினுக்கு 80/12 போதும். தடித்த துணிக்கு 90/14. வீட்டு மெஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், தொழிற்சாலை ஊசி முழுவதும் உருண்டையாக இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டுவிட்டு நூல் அறுகிறது, தையல் தாவுகிறது என்று மெஷினைக் குறை சொல்கிறவர்கள் அதிகம்.

தலவாக்கலை வாசகி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மாஸ்டர் சொன்னபடி 14 ஆம் இலக்கத்தை, பாடப் புத்தகத்துக்கு உறை போடும் பிரவுன் தாளில் பிரதி எடுத்துக்கொண்டேன். மூலத் தாளை வெட்டவில்லை. முன்பக்கத்தைத் திறந்து 1 அங்குலம் சேர்த்தேன். தாள் கதவுபோல் திறக்கும் என்று அவர் எழுதியதைப் படித்தபோது புரியவில்லை. கையில் தாள் திறந்தபோது புரிந்தது. நீளத்தை இரண்டு இடத்திலும் மடித்தேன். தாளில் 14 க்கு நேரே, தைத்து முடிந்த சட்டையின் மார்புச் சுற்றளவு நாற்பதரை என்று இருந்தது. அதோடு சேர்த்த 2 அங்குலத்தையும் கூட்டினால் நாற்பத்திரண்டரை. எனக்குப் பிடித்த சல்வார் டொப்பை அளந்தால் 42. டீச்சர் சொன்ன ஒப்பீடு இவ்வளவு கிட்ட வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

படுக்கை விரிப்பில் தைத்துப் பார்த்ததில் தோள் தோளில் நின்றது. டாட்டின் முனை மட்டும் மார்பின் மேலேயே வந்து கூராகத் துருத்தியது. அதை ஓர் அங்குலம் பின்வாங்கி முடித்தேன். பிறகு நல்ல துணியில் வெட்டித் தைத்து, போன வெள்ளிக்கிழமை கோவிலுக்கு உடுத்திப் போனேன். எந்தக் கடையில் எடுத்தது என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

இப்போது இன்னொரு கேள்வி. நான் தைத்ததைப் பார்த்தபின் அம்மா தனக்கும் வீட்டில் போட ஒரு சட்டை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முப்பத்தைந்து வருடம் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலை ஏறியவர். கழுத்து முன்னால் சாய்ந்து, மேல்முதுகு வளைந்துவிட்டது. கடையில் எடுக்கும் சட்டை எதுவும் அவருக்குப் பின்னால் சரியாக நிற்பதில்லை. கழுத்து பின்னோக்கி இழுக்கும், பின்பக்க விளிம்பு முன்பக்கத்தைவிட மேலே தூக்கி நிற்கும். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்தும் இருக்கிறது. இதற்குத் தாளில் வழி உண்டா?

பதுளை, ஓய்வுபெற்ற மனைப் பொருளியல் ஆசிரியை:

உண்டு, மகளே. வளைந்த முதுகின்மேல் துணி போக வேண்டிய தூரம் அதிகம். பட்டர்ன் நேரான முதுகின் தூரத்தைத்தான் கொடுத்திருக்கிறது. குறைகிற நீளத்தைத் துணி கீழிருந்து இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் பின்விளிம்பு தூக்குகிறது. அம்மாவை இயல்பாக நிற்கச் சொல்லி, பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்புவரை முதுகின் வளைவோடு டேப்பைப் படியவிட்டு அளந்து, தாளின் அளவோடு ஒப்பிடுங்கள். நிமிர்ந்து நிற்கச் சொல்லாதீர்கள். அளவெடுக்கும்போது நம்மவர்கள் மரியாதைக்காக நிமிர்ந்துகொள்வார்கள், பிறகு சட்டை அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் பொருந்தும்.

பின்பக்கத் தாளில், முதுகு அதிகம் துருத்தும் உயரத்தில், நடுக்கோட்டிலிருந்து கைவளைவுவரை குறுக்காக வெட்டி, வளைவின் ஓரத்தில் மட்டும் ஒட்டவிட்டு, குறைகிற அளவுக்குத் திறவுங்கள். அரை அங்குலத்தில் தொடங்கிப் பாருங்கள். திறந்தபின் நடுக்கோடு கோணலாகும். அதை நேராக்கி வரையும்போது பின்கழுத்து சற்று அகலமாகும். அந்த அகலத்தைக் கழுத்தில் ஒரு சிறு டாட்டாகப் பிடித்துவிடுங்கள், முதுகின் வளைவுக்கு அது இன்னும் நன்றாகப் படியும். தாழ்ந்த தோளுக்கு அந்தப் பக்கம் மட்டும் தோள்முனையில் கால் அங்குலம் சரித்து, அக்குளையும் அதே அளவு இறக்குங்கள். இரண்டு பக்கமும் வெவ்வேறாகிவிடுவதால், துணியை மடித்துப் போட்டு வெட்ட முடியாது. முழுத் தாளாக வரைந்து, ஒற்றைத் துணியில் வெட்ட வேண்டும்.

பொகவந்தலாவையிலிருந்து:

அக்கா, முழுத் தாளாக வரையும்போது இடது, வலது என்று தாளில் பெரிதாக எழுதிவிடுங்கள். துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கிறதா என்று வெட்டுமுன் இரண்டு முறை பாருங்கள். தலைகீழாக வெட்டினால் தாழ்ந்த தோள் மறுபக்கம் போய்விடும். இன்னொரு விடயம், அம்மாமாருக்குத் தலைவழியாகப் போடுவது சிரமம். முன்பக்கம் பட்டன் வைத்துத் திறக்கும்படி தையுங்கள். நடுக்கோட்டிலிருந்து ஓர் அங்குலம் கூட்டி, அதற்கு மேல் பட்டிக்கும் துணி விட்டால் போதும். பட்டன்துளை அடிக்கிற இடத்தில் உள்ளே விறைப்புக்கு ஒரு துண்டு கன்வஸ் வையுங்கள்.

தலவாக்கலை வாசகி:

நேற்று இரவு தைத்து முடித்தேன். அளக்கும்போது டீச்சர் சொன்னபடியே அம்மா நிமிர்ந்துகொண்டார். மகள் பேச்சுக் கொடுத்து அவரைச் சிரிக்க வைத்த பிறகுதான் முதுகு தன் இடத்துக்கு வந்தது. அரை அங்குலம் போதவில்லை. ஒத்திகையில் முக்கால் அங்குலம் திறந்த பிறகே பின்விளிம்பு முன்விளிம்போடு நேராக நின்றது. சீத்தைத் துணி, முன்னால் ஆறு பட்டன், இரண்டு பக்கமும் பை. உடுத்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நான்கு தடவை நடந்தார். பின்கழுத்தைக் கையால் இழுத்துவிடும் பழக்கம் அவருக்கு எப்போதும் உண்டு. நேற்றும் கை அங்கே போனது. இழுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்துவிட்டு எடுத்தார்.

பிரவுன் தாளில் "அம்மா, முதுகு முக்கால் அங்குலம், வலது தோள் கால் அங்குலம் தாழ்வு" என்று எழுதி, சுருட்டி, மெஷின் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு இன்னொன்று கேட்டிருக்கிறார், இந்த முறை முழுக்கையோடு. கைமுனையில் பட்டி வைப்பது பற்றித் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.